ஸ்ரீமுஷ்ணத்துக்கு எடுத்துப்போன கேமரா

வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் அந்தக் கேமரா எனக்கு வந்து சேர்ந்தது. என் கணவரின் அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. ஊர் திரும்பிய பிறகும் இரண்டு மூன்று வருடம் திருவிழா, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று எடுத்திருக்கிறார். அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவில் கறுப்புத் தோல் உறையோடு கிடந்ததை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“வேணும்னா நீ வச்சிக்கம்மா,” என்றார் அவர். “பிலிம் போடுற கேமரா அது. இப்ப யாரு பிலிம் போடுறாங்க.”

“எப்படி எடுக்கறதுங்க மாமா?”

“மறந்துபோச்சும்மா. இத சுத்துவேன், அத அழுத்துவேன். அவ்ளோதான் ஞாபகம்.”

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து வருகிற பியூஸ் கேரியர், பல்பு ஹோல்டர், கொலு நெருங்கினால் பொம்மைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பேன். விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொண்டு வரும். அதை ஒதுக்கிவிட்டு, நல்லதை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவேன். புகைப்படம் எடுக்க வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டதில்லை. அதை ஏன் வைத்துக்கொண்டேன் என்று யாராவது கேட்டால் இப்போதும் சரியான பதில் கிடையாது. லெவரை இழுத்து பட்டனை அழுத்தியபோது உள்ளே ஏதோ திறந்து மூடிய சத்தம் பிடித்திருந்தது என்று சொல்லலாம்.

அடிமூடியை ஒரு ரூபாய்க் காசால் திருகித் திறந்தேன். பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் சுத்தம் செய்தேன். கடைவீதியில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவரிடம் காட்டி, அதே அளவில் இரண்டு பொத்தான் பேட்டரி வாங்கிப் போட்டதும், கண் வைத்துப் பார்க்கிற கட்டத்தின் ஓரத்தில் ஒரு முள் எழுந்து நின்றது. வெளிச்சத்தை நோக்கித் திருப்பினால் மேலே போனது, மூலையைக் காட்டினால் கீழே விழுந்தது. பின்மூடியின் ஓரத்துப் பஞ்சு தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். இதெல்லாம் யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்துச் செய்தது.

பிலிம் ஆன்லைனில் கிடைத்தது. விலை கூடுதல். அதனால் முதலில் வெறும் கேமராவிலேயே பழகிக்கொண்டு பிறகு ஒரு ரோல் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் அப்படித்தான் போனது. பிலிம் இல்லாத கேமராவைத் தினமும் வேலைக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் எதையாவது நோக்கி ஃபோகஸ் செய்வேன், முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவேன், அழுத்துவேன். லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது, ஷட்டர் என்ன வேகம், எதை எடுத்தேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் நம்பர் போட்டு எழுதிக்கொள்வேன். வெள்ளைப் பொருளைக் காட்டினால் முள் ஏமாந்துபோகும், வெளிச்சம் அதிகம் என்று சொல்லும், அதை நம்பி எடுத்தால் படம் இருட்டாகிவிடும் என்று படித்திருந்தேன். எங்கள் இடத்தில் எல்லாமே வெள்ளை. வேலை செய்கிறவர்களின் முழங்கை வரை வெள்ளை. ஆகவே முள் சொல்வதைவிட ஒரு படி கூடுதலாகத் திறக்கப் பழகினேன்.

“உள்ள ஒண்ணுமில்லாமயே இவ்ளோ படம் எடுத்திருக்க நீ,” என்று சிரிப்பார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் எனக்காக ஆடாமல் உட்கார்ந்திருப்பார். கிளேஸ் அறையில், சுட்ட சாமான்களைப் பளபளப்புக் கலவையில் முக்கி எடுக்கிற அக்கா. வயது நாற்பத்தேழு. கணவர் இறந்து பதினொரு வருடம். ஒரே மகளைப் படிக்கவைத்துப் பண்ருட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார். முகத்தில் வெயில் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நான் சொன்னால் அப்படியே திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது கேட்டார்.

“இதுல எடுத்தா படம் எங்கடி போவும்?”

“பிலிம்லயே இருக்கும்க்கா. கழுவி காகிதத்துல போட்டுக் குடுப்பாங்க.”

“வாட்சப்புல போவாதா?”

“நானா அனுப்புனாதான் போவும்.”

பிறகு, வாசலில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த வேனைப் பார்த்தபடி, “நான் அவரக் கட்டிக்கலாம்னு இருக்கேன்,” என்றார்.

வேன் ஓட்டுகிறவரைத்தான் சொன்னார். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். அவருக்கும் மனைவி தவறி நாலு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் எங்கள் யூனிட்டுக்குச் சரக்கெடுக்க வருவார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். யாரும் எதுவும் கேட்டதில்லை.

“பொண்ணுக்குத் தெரியுமாக்கா?”

“இன்னும் சொல்லல. மாப்ள வூட்டுல என்னா நெனப்பாங்களோ. நானே மெதுவா சொல்லிக்கிறேன். அதுக்குள்ள எவளாவது போன்ல எடுத்து அனுப்பிட்டான்னா அசிங்கமா போயிடும். அதனால கல்யாணத்துல போன்ல யாரும் படம் எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.” கையில் காய்ந்திருந்த கிளேஸைச் சுரண்டினார். “ஆனா ஒரு படம் கூட இல்லாம இருக்கறதும் மனசுக்கு நல்லா இல்ல. மொத கல்யாண ஆல்பம் வெள்ளம் வந்தப்ப ஊறிப் போச்சி. நீ வந்து எடுக்கிறியா?”

எடுக்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே ஒரு கலர் ரோலுக்கு ஆர்டர் போட்டேன்.

கல்யாணம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலில், ஒரு புதன்கிழமை காலை. விருத்தாசலத்தில் வைத்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்றுதான் அங்கே. ரோல் வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை.

“ஒரு ரோல் எடுத்துப் பழகிட்டு அப்பறம் கல்யாணத்த எடுக்கலாமில்ல?” என்றார் என் கணவர்.

“ரெண்டு மாசமா பழகிட்டுதான இருக்கேன்,” என்றேன்.

புதன்கிழமை காலையில் பிலிம் போட உட்கார்ந்தேன். பிலிம் போடுவது ஒன்றைத்தான் நான் பழகியிருக்கவில்லை. பழக ஒரு பிலிமாவது வேண்டுமே. போனை டம்ளரில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டேன். டப்பாவை இடது பக்கக் குழியில் வை. பிலிமின் நாக்கை இழுத்து வலது பக்க உருளையின் வெட்டில் செருகு. லெவரை இழு. இரண்டு பக்கத்து ஓட்டைகளிலும் பல் மாட்டியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் இன்னொரு முறை இழு. அப்புறம் மூடு. ஒரு முறை இழுத்தேன். ஒரு பக்கம் பல் மாட்டியிருந்தது. இன்னொரு முறை இழுத்தால் ஒரு படம் வீணாகுமே என்று தோன்றியது. பின்மூடியை அழுத்தி மூடினேன். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மொத்தம் ஏழு பேர். மணமக்கள் இரண்டு பேர், மணமகனின் அக்காவும் அவர் கணவரும், எங்கள் யூனிட்டிலிருந்து நானும் இன்னும் இரண்டு பெண்களும். எங்கள் அக்கா மாம்பழ மஞ்சளில் பட்டுப் புடவை கட்டியிருந்தார். எப்போதும் விரலிடுக்கில் இருக்கிற வெள்ளை அன்று இல்லை. முதல் நாள் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்ததாகச் சொன்னார்.

தாலி கட்டியது வெளி மண்டபத்தில். அங்கே படம் எடுக்கலாம் என்றார்கள். நான் தூண் பக்கத்தில் நின்று முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர் மூன்றாவது முடிச்சுப் போடத் தடுமாறியதால் அவருடைய அக்கா பின்னால் வந்து கையைப் பிடித்துப் போட்டுவிட்டார். அதையும் எடுத்தேன். பிறகு மணமக்களைக் குளத்துப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனேன். அவர் போலீஸ் முன்னால் நிற்கிறவர் மாதிரி கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணே, கொஞ்சம் சாதாரணமா நில்லுங்க.”

“சாதாரணமாத்தாம்மா நிக்கறேன்,” என்றார். அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழுத்தினேன். சரியான நேரத்தில் அழுத்தியது எனக்கே தெரிந்தது.

முப்பத்தாறு முடிந்த பிறகும் லெவர் நின்றுவிடவில்லை. முப்பத்தேழு போனது, முப்பத்தெட்டும் போனது. சில ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன், கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். ஓட்டலில் எல்லோரும் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிலிமை டப்பாவுக்குள் திரும்பச் சுற்றினேன். அதிகம் சுற்ற வேண்டியிருக்கவில்லை. ஒன்றிரண்டு சுற்றிலேயே கை லேசாகிவிட்டது. கேமரா நல்ல நிலைமையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரோலை அடுத்த நாள் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன். எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் இப்போது பிலிம் கழுவுவதில்லை. ஒன்பதாம் நாள், வேலையில் இருந்தபோது, கழுவுகிற இடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மேடம், உங்க ரோல் பிளாங்க்கா இருக்கு.”

“அப்படின்னா?”

“ஒரு படம்கூட விழலை. பிலிம் ஓரத்துல கம்பெனி நம்பர் எல்லாம் தெளிவா இருக்கு, அதனால நாங்க கழுவினதுல தப்பில்லை. பிலிம் கேமராக்குள்ள நகரவே இல்லை. லெவர் இழுக்கும்போது இடது பக்கம் மேல இருக்கற குமிழ் சுத்துச்சா?”

“அத நான் பாக்கலைங்க.”

“அது சுத்தினாதான் பிலிம் ஓடுதுன்னு அர்த்தம். முதல் ரோலா மேடம்?”

“ஆமாங்க.”

“நிறையப் பேருக்கு முதல் ரோல் இப்படித்தான் ஆகும்,” என்றாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

போனை வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் காதில் சத்தம் சரியாக விழவில்லை. அன்று மதியம் அடுக்கிய இரண்டு பெட்டியைப் பிரித்து மறுபடியும் சுண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அக்காவிடம் மூன்று நாள் சொல்லவில்லை. தினமும் காலையில் “வந்துச்சா?” என்பார். “இன்னும் வரலக்கா,” என்பேன். மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் கஷ்டமாக இருந்தது. நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கிளேஸ் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பல் மாட்டாததையும், இன்னொரு முறை இழுக்காமல் விட்டதையும், மூன்று நாள் பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

“ஒண்ணு கூடவா இல்ல?”

“ஒண்ணு கூட இல்லக்கா.”

அவர் வாளியில் கிடந்த கலவையைக் கட்டையால் கிளறிக்கொண்டிருந்தார். அடியில் தங்கிவிடும் என்று அடிக்கடி கிளற வேண்டும். கிளறி முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“நோட்டுல எழுதுனியே அன்னிக்கி. அது இருக்குதா?”

இருந்தது. பையிலேயே இருந்தது.

“என்னென்ன எடுத்தன்னு படி.”

படித்தேன். ஒன்று, பஸ்ஸில் இருந்து இறங்குவது. இரண்டு, கோபுர வாசலில் பூ வாங்குவது. ஐந்து, அண்ணனுடைய அக்கா மாலையைப் பிரிப்பது. ஒன்பது, முதல் முடிச்சு. பத்து, மூன்றாவது முடிச்சு, நாத்தனார் கை. நம்பருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த லென்ஸ் கணக்கையும் ஷட்டர் வேகத்தையும் விட்டுவிட்டுப் படித்தேன். “அது என்னா, எட்டு, நூத்தி இருவத்தஞ்சின்னு எழுதியிருக்க?” என்று கேட்டதால் பிறகு அதையும் சேர்த்துப் படித்தேன். இருபத்திரண்டில், குளத்துப் படி, அக்கா சிரிப்பு என்று இருந்தது. முப்பத்தெட்டு வரைக்கும் கேட்டார். முடிந்ததும், “போயி சாப்புடு, மணி ஆயிடுச்சி,” என்றார். அவர் சாப்பிடவில்லை.

அடுத்த இரண்டு வாரம் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். நான் கேமராவை வேலைக்கு எடுத்துப்போவதை நிறுத்தியிருந்தேன்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை அவராகவே என் மேசைக்கு வந்தார். மகளுக்குப் போனில் சொல்லிவிட்டாராம்.

“என்னா சொல்லுச்சி?”

“ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. வச்சிடுச்சோன்னு பாத்தேன். அப்பறம், போட்டோ அனுப்பும்மான்னுச்சி.”

கையில் இருந்த ஹோல்டரைச் சுண்டாமலே கீழே வைத்தேன்.

“போட்டோ இல்லடின்னேன். நம்பல. இந்தக் காலத்துல போட்டோ இல்லாம கல்யாணமா, எனக்குக் காட்டக்கூடாதுன்னு மறைக்கிறியா, நான் என்னா அந்நியமான்னு அழுவுது. நீ பேசுறியா?”

மகளும் அவள் மாமியார் வீடும் என்ன நினைப்பார்களோ என்று பயந்துதான் போனே வேண்டாம் என்று வைத்தது. அந்தப் பெண் கோபப்பட்டது கல்யாணத்துக்காக இல்லை.

அன்றைக்கே பேசினேன். நடந்ததைச் சொன்னேன். எனக்கே ஜோடித்த கதை மாதிரிதான் கேட்டது.

“நெசமாவாங்க? இல்ல அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?” என்றாள்.

கழுவிய பிலிம் சென்னையிலிருந்து திரும்பி வந்திருந்தது. வீட்டுக்குப் போய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நீளமான ஆரஞ்சு நிறப் பட்டை, ஒரு நுனி மட்டும் கறுப்பு. வேறு ஒன்றும் இல்லை. நானாக அனுப்பினால்தான் வாட்சப்பில் போகும் என்று சொல்லியிருந்தேன்; அந்தக் கல்யாணத்திலிருந்து போனது அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து, “சரிங்க. ஞாயித்துக்கெழம வர்றேன், அம்மாகிட்ட சொல்லிடுங்க,” என்று பதில் வந்தது.

அந்த ஞாயிறு இரண்டாவது ரோலோடு அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த முறை பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே, இரண்டு பக்கமும் பல் மாட்டி உருளையில் பிலிம் ஒரு சுற்று இறுகும் வரைக்கும் லெவரை இழுத்தேன். இரண்டு படம் வீணானது. மூடிய பிறகு, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் இடது பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. ஆனாலும் மனசு நம்பவில்லை.

மகள் கைக்குழந்தையோடு தனியாக வந்திருந்தாள். மாப்பிள்ளை வரவில்லை.

“அக்கா, அந்த மஞ்சப் பொடவையக் கட்டிக்கங்க. மாலை வாங்கியாந்துடலாம்,” என்றேன்.

“வாணாம்,” என்றார். “கல்யாணம் முடிஞ்சிடுச்சி. திரும்ப எதுக்கு வேஷம் கட்டிக்கிட்டு நிக்கறது. இப்ப எப்படி இருக்கனோ அப்படி எடு.”

அப்படியே எடுத்தேன். வெங்காயம் உரிக்கிற அக்கா. மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் கழுவுகிற வேன்காரர். சுவரோரம் பாயில் குழந்தை. அந்த வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. ஷட்டரை மெதுவாக வைக்க வேண்டியிருந்ததால் முழங்கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு மூச்சை அடக்கி எடுத்தேன்.

மகள் அவரிடம் அதிகம் பேசவில்லை. அவரும் அவளை “நீங்க” என்றேதான் சொன்னார். சாப்பிடும்போது, “மீன் இன்னும் வைக்கட்டுங்களா?” என்றார். “போதுங்க,” என்றாள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் ஒன்றாக வாசலில் நிற்கச் சொன்னேன். அவள் அம்மாவுக்கு இந்தப் பக்கம் நின்றாள், அவர் அந்தப் பக்கம். ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி விட்டு நின்றார்.

“கிட்ட வாங்க, படத்துல வர மாட்டீங்க,” என்று சொன்னது நானில்லை, மகள்.

எட்டு நாள் கழித்து ரோல் கழுவி வந்தது. படம் விழுந்திருந்தது. முப்பத்துநாலில் பத்தொன்பது தெளிவு. மற்றதெல்லாம் ஃபோகஸ் தப்பியதும் கை ஆடியதும். வாசலில் எடுத்ததில் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்ததை மறந்துவிட்டு முள்ளை அப்படியே நம்பியிருக்கிறேன். முகங்கள் கொஞ்சம் இருட்டாக விழுந்திருந்தன. அக்கா கண்ணை மூடியிருந்தார்.

எல்லாவற்றையும் காகிதத்தில் போட்டு வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். பாயில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெங்காயம் உரிக்கிற படத்தை மட்டும் எடுத்துக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, “என் கையி இப்படியா இருக்குது?” என்று கேட்டார்.

“இப்படித்தான் இருக்குதுக்கா.”

அடுத்த மாதம் மகள் மறுபடியும் வந்தபோது பண்ருட்டிக்கு மூன்று படம் எடுத்துக்கொண்டு போனாளாம். இரண்டு குழந்தையுடையது. மூன்றாவது எது என்று நான் கேட்டேன்.

“வாசல்ல நின்னமே, அது,” என்றார் அக்கா. “நான் கண்ண மூடியிருக்கனேடி, அத எதுக்கு எடுத்துக்கினு போறன்னேன். இதுலதான் அவங்களும் நம்மகூட நிக்கறாங்கன்னுச்சி.”